பழைய கிளையில் இரண்டு வரிகள்

சிவசைலம் அந்த வேலையைப் பதினோரு நிமிடத்தில் முடித்தார். திங்கட்கிழமை காலை பத்தே முக்கால் மணி இருக்கும். முடித்துவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடம் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்தியவர். கல்லூரியை மூடியபோது மற்ற ஆசிரியர்கள் வேறு கல்லூரிகளுக்கு மனுப் போட்டார்கள். இவர் ஒன்றரை வருடம் வீட்டில் உட்கார்ந்து நிரல் எழுதப் படித்தார். பிறகு பாளையங்கோட்டையில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அங்கே அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ரஹீமா. வயது முப்பத்தொன்று. சிவசைலம் அவரை மேடம் என்பார், ரஹீமா இவரைச் சார் என்பார். வெளியிலிருந்து யாராவது வந்தால், "இவங்கதான் என் குரு" என்று சிவசைலம் கூச்சப்படாமல் சொல்வார். கூச்சம் ரஹீமாவுக்குத்தான்.

ரஹீமாவிடம் கேள்வி கேட்டால் பதில் உடனே வராது. பெரும்பாலும் வேறொரு வேலைதான் வரும். அந்த வேலையைச் செய்து முடிக்கும்போது, கேட்ட கேள்வி எங்கே போனது என்று சிவசைலத்துக்கே மறந்திருக்கும்.

அவர்களுடைய மென்பொருள் ஆஸ்பத்திரிகளில், பச்சைக் குழந்தைகள் வார்டில் ஓடியது. நர்ஸ் குழந்தையின் எடையைத் தட்டினால், மணிக்கு எத்தனை மில்லி திரவம் ஏற்ற வேண்டும் என்று திரை கணக்குப் போட்டுச் சொல்லும். டாக்டர் எழுதிய அளவோடு அதைச் சரிபார்த்துப் பம்பில் வைப்பார்கள்.

மென்பொருளுக்குக் கிளைகள் என்று இரண்டு தனித்தனிப் பிரதிகள் இருந்தன. தினசரி வேலையெல்லாம் புதிய கிளையில் நடக்கும். பத்தொன்பது ஆஸ்பத்திரிகளில் ஓடியது அதுதான். இன்னும் நான்கு ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்கள் பழையவை, புதியது அவற்றில் ஏறாது. அந்த நான்குக்காகப் பழைய கிளையைத் தனியாக வைத்திருந்தார்கள். நான்கு வருடமாக இரண்டும் அதனதன் போக்கில் வளர்ந்திருந்தன.

முந்தைய வாரம் ஒரு பிழை தெரியவந்தது. நர்ஸ் புது எடையைப் போட்டாலும், பக்கத்தை மூடித் திறக்கும்வரை திரை பழைய எடைக்கே கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. புதிய கிளையில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். அந்த ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய கிளையில் வைக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் நான்கு ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப வேண்டும். அதுவரை, எடை மாற்றினால் பக்கத்தை மூடித் திறக்கும்படி ரஹீமா நான்கு வார்டுகளுக்கும் தானே போன் செய்து சொல்லியிருந்தார்.

சிவசைலத்துக்குக் கொடுத்த வேலை அதுதான்.

எடுத்து வைக்கும்போது ஒரு கோப்பில் மோதல் வந்தது. ஒரே இடத்தை இரண்டு கிளைகளும் வேறு வேறு விதமாக மாற்றியிருந்தால், கருவி தானாக எதையும் முடிவு செய்யாது. அந்தக் கிளையில் ஏற்கெனவே இருந்ததை மேலேயும், புதிதாக வந்ததைக் கீழேயும் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். எது வேண்டும் என்று மனிதர்தான் சொல்ல வேண்டும். சிவசைலம் கீழே இருந்ததை வைத்துக்கொண்டு மேலே இருந்ததை அழித்தார். நிரல் சரியாக ஓடினால் பச்சை காட்டும் பரிசோதனைகளை ஓட்டினார். எல்லாம் பச்சையாக வந்தன.

ரஹீமா வந்து பார்த்தார். நின்றபடியே படித்தார்.

"மேலே ரெண்டு வரி இருந்திருக்கே, சார்."

"ஆமா. எடுத்துட்டேன்."

"ஏன்?"

சிவசைலம் வகுப்பில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார். வந்த பக்கம் திருத்திய பக்கம். இருந்த பக்கம் பிழை உள்ள பக்கம். திருத்தியதை வைத்துக்கொண்டார், பிழையை எடுத்துவிட்டார். நாற்பத்தொரு பரிசோதனைகளும் தேறிவிட்டன.

"அந்த ரெண்டு வரி என்ன செய்யுது?"

அவர் அழித்ததைத் திரும்ப எடுத்துப் படித்தார். இன்றைய எடை பிறந்த எடையை விடக் குறைவாக இருந்தால், கணக்குக்குப் பிறந்த எடையையே எடுத்துக்கொள். அவ்வளவுதான் அதில் இருந்தது.

"எதுக்கு அப்படி?"

"தெரியலை மேடம். பார்த்தா தப்பாத்தான் தெரியுது. இன்னைக்கு எடை கையில இருக்கும்போது பழைய எடை எதுக்கு? பிழைக்கே இதுதான் காரணமா இருக்கும்."

"யார் எழுதினது?"

கோப்பின் மாற்ற வரலாற்றைத் திறந்து பார்த்தார். செல்வின் என்று பெயர் இருந்தது. சிவசைலம் சேருவதற்கு ரொம்ப முன்பே வேலையை விட்டுப் போனவர். அந்த மாற்றத்துக்கு அவர் எழுதி வைத்திருந்த குறிப்பு மூன்றே சொல்: எஸ்தர் சிஸ்டர் சொன்னது.

"குறிப்புல ஒண்ணுமே இல்லையே" என்றார் சிவசைலம்.

ரஹீமா குறிப்பை இன்னொரு தடவை படித்தார். சரி என்று சொல்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று சிவசைலத்துக்குத் தெரியும். இது செல்லாது. ஏன் செல்லாது என்பதுதான் தெரியவில்லை. அவர் மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை மேல் பக்கத்தை வைத்துக்கொண்டு கீழ்ப் பக்கத்தை விட்டார். ஓட்டிப் பார்த்தால் பழைய பிழை பழையபடியே இருந்தது. எதற்காக இவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு வந்தோமோ அந்தத் திருத்தமே காணாமல் போயிருந்தது. சரி, இரண்டும் இருக்கட்டும் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். செல்வினின் வரிகளை மேலே வைத்தபோது, கீழே இருந்தது அவற்றை மதிக்காமல் புது எடையையே எடுத்துக்கொண்டது. கீழே வைத்தபோது, கணக்கு முடிந்து விடையும் திரைக்குப் போன பிறகு அவை வந்து நின்றன.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு எழுந்து ரஹீமாவின் மேசைக்குப் போனார். அவருக்குக் கோபம் வந்திருந்தது, ஆனால் குரலில் காட்டவில்லை.

"மேடம், மோதல் வந்தா எந்தப் பக்கத்தை வச்சுக்கணும்? அதுக்கு ஒரு விதி இருக்கும்லா. அதைச் சொல்லுங்க, எழுதி வச்சுக்கிடுதேன்."

ரஹீமா தன் கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தார். இரண்டு நிமிடம் பேசினார். நாளை வரலாமா என்று கேட்டது மட்டும் சிவசைலத்துக்குக் கேட்டது.

"காலையில ஆறே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கு, சார்" என்றார் ரஹீமா. "வந்துடுங்க."

மறுநாள் பஸ்ஸில் அவர்களுக்குப் பின்பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. ஒன்றே கால் மணி நேரப் பயணம். மலை முதலில் நீலமாகத் தெரிந்து, பிறகு பச்சையாகி, பிறகு பாறை பாறையாகத் தெரிந்தது. சிவசைலம் அதைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை போய்விட்டது, புதன் ஒரு நாள்தான் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு விடைத்தாள் கட்டைக்கூட அவர் தாமதமாகக் கொடுத்ததில்லை.

எஸ்தர் சிஸ்டரிடம் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று ரஹீமாவிடம் சொன்னார்.

"போன்ல கேட்டா நாம கேட்டதுக்கு மட்டும்தான் பதில் வரும், சார்" என்றார் ரஹீமா. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி சின்னதுதான். மலையடிவாரத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. வார்டு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். பச்சை அங்கி ஒன்றைப் போர்த்திவிட்டார்கள். சிவசைலத்துக்கு அது முட்டிவரைக்கும்தான் வந்தது.

எஸ்தர் கனகமணி சிஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்த ஒரே வார்டில் இருபத்தாறு வருடம். ரஹீமாவை அவருக்குக் குரலால்தான் தெரியும். முகத்தைப் பார்த்ததும், இவ்வளவு சின்னப் பிள்ளையா என்று ஆச்சரியப்பட்டார். சிவசைலத்தைப் பார்த்து, இவர்தான் பெரிய ஆபீசரா என்று கேட்டார். இல்லை, நான் இவர்களிடம் படிக்கிறவன் என்று சிவசைலம் சொன்னார். சிஸ்டர் இருவரையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. வரிசையாக எட்டுத் தொட்டில்கள், மேலே சூடு தரும் விளக்குகள். ஐந்தில் குழந்தைகள் இருந்தன. மூன்றாவது தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பெயர் பேச்சியம்மாள். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. காலில் கட்டியிருந்த அட்டையில் பேச்சியம்மாளின் பெண் குழந்தை என்று எழுதியிருந்தது. மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டது, இன்று ஐந்தாவது நாள்.

சிவசைலம் அவ்வளவு சின்னக் குழந்தையைப் பார்த்ததில்லை. அதன் தொடை அவருடைய கட்டைவிரல் கனம்தான் இருந்தது.

சிஸ்டர் அவர்கள் முன்னாலேயே எடை போட்டார். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு கிராம். எண்ணைத் திரையில் தட்டினார். பக்கத்தை மூடினார், திறந்தார். கை தானாக அதைச் செய்தது.

எவ்வளவு நாளாக இப்படி மூடித் திறக்கிறீர்கள் என்று ரஹீமா கேட்டார்.

"ரெண்டு மாசமா செய்யுதேன்" என்றார் சிஸ்டர். "நீங்க போன்ல சொல்லுததுக்கு முன்னாடியே. மெஷின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு யார்ட்டயும் சொல்லலை."

ரஹீமா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் முகம் கொஞ்சம் சிவந்தது.

சிவசைலம் திரையைப் பார்த்தார். இன்றைய எடை 1190 என்று இருந்தது. அதற்குக் கீழே, கணக்குக்கு எடுத்த எடை 1320 என்று இருந்தது. அந்த ஆயிரத்து முந்நூற்று இருபது, அவர் முந்தைய நாள் அழித்த இரண்டு வரிகளின் வேலை. அவர் அதைக் காட்டி, இது ஏன் இப்படி என்று கேட்டார்.

"அது பொறந்த எடை, சார்."

"இப்போ அவ்வளவு இல்லையே."

"இருக்காது. பொறந்த முதல் வாரம் எல்லாப் பிள்ளையும் எடை குறையும். உடம்புல இருக்க தண்ணி இறங்கும். இவ்வளவு பொடிசா இருந்தா இன்னும் ஜாஸ்தி குறையும். குறைஞ்சு போச்சேன்னு நாமளும் தண்ணியைக் குறைச்சா, பிள்ளை இன்னும் காயும். அதனால பொறந்த எடையைத் திரும்பத் தாண்டுத வரைக்கும் பொறந்த எடைக்குத்தான் கணக்கு. தாண்டியாச்சுன்னா பிறகு அன்னன்னைக்கு எடை."

சிவசைலம் மனதுக்குள் கணக்குப் போட்டார். டாக்டர் எழுதியிருந்தது கிலோவுக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது மில்லி. பிறந்த எடைக்கு மணிக்கு எட்டேகால் மில்லி வந்தது. இன்றைய எடைக்கு ஏழரைகூட வரவில்லை.

"ஒரு நாளைக்கு இருபது மில்லி வித்தியாசம்" என்றார். அது அவருடைய வாயிலிருந்து தானாக வந்தது.

"உங்களுக்கும் எனக்கும் அது ஒரு மடக்கு" என்றார் சிஸ்டர். குழந்தையின் உள்ளங்காலில் ஒரு விரலை வைத்தார். கால் மெதுவாக மடங்கியது.

பிறகு அவர் செல்வினைப் பற்றிச் சொன்னார். அப்போது இந்தத் திரை வந்த புதிது. அது இன்றைய எடைக்கே கணக்குச் சொன்னது. பழைய நர்சுகள் கையால் போட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் திரை சொன்னதை அப்படியே வைத்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை, நம்பச் சொல்லித்தானே கொடுத்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அந்தக் குழந்தைக்கு உதடு வறண்டு, மூத்திரம் நின்று, ரத்தத்தில் உப்பு ஏறிப்போனது. டாக்டரம்மா அதைக் காப்பாற்றினார். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து செல்வின் வந்தார். இதே ஸ்டூலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் சொல்லச் சொல்ல அவர் முன்னாலேயே எழுதினார்.

சிவசைலம் தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து நான் அந்த ரெண்டு வரியை எடுத்துட்டேன், சிஸ்டர்."

சிஸ்டர் அவரைப் பார்த்தார்.

"இங்க அனுப்பிட்டியளா?"

"இல்லை. மேடம் நிறுத்திட்டாங்க. அப்படியே வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"நான் டூட்டியில இருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்" என்றார் எஸ்தர் சிஸ்டர்.

பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. என் பிள்ளைக்கு இப்போது சரியாகத்தானே போகிறது என்று சிவசைலத்திடம் கேட்டாள். சரியாகத்தான் போகிறது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, பம்பில் ஓடிய எண்ணைக் குனிந்து பார்த்தார். எட்டேகால் என்றுதான் இருந்தது.

வேலை முடிந்தது என்று நினைத்து ரஹீமா கிளம்பத் தயாரானார். சிவசைலம் கிளம்பவில்லை. அவருக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. இருபத்திரண்டு வருடம் மாணவர்களுடைய கணக்குகளில் எல்லைகளைத் தேடிய மனசு அது.

"பொறந்த எடையைத் தாண்டியாச்சு, சிஸ்டர். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அதுக்குக் கீழே இறங்கிருச்சுன்னா? அப்போ எந்த எடை?"

அப்படி நடப்பது அபூர்வம் என்றார் எஸ்தர் சிஸ்டர். நடந்திருக்கிறதா என்று யோசித்தார். நடந்திருக்கிறது, இரண்டு தடவை. அப்போது டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம் என்றார். இப்போதும் கூப்பிட்டார்.

டாக்டரம்மா அடுத்த அறையிலிருந்து வந்தார். கேள்வியை முழுதாகக் கேட்டார். அப்படி இறங்கினால் அந்தக் குழந்தைக்கு வேறு ஏதோ உடம்புக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம், கிருமியாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றார். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ஓர் எடையை எடுத்துக் கணக்குச் சொல்லவே கூடாது. நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். இப்போது உங்கள் மெஷின் என்ன செய்யும் என்று கேட்டார்.

பழைய கிளையின் வரிகளைச் சிவசைலம் மனதில் ஓட்டிப் பார்த்தார். அவை சத்தமில்லாமல் பிறந்த எடைக்குப் போய்விடும். புதிதாக வந்த வரிகளை ஓட்டிப் பார்த்தார். அவை சத்தமில்லாமல் இன்றைய எடையை எடுத்துக்கொள்ளும்.

"ரெண்டும் கூப்பிடாது, டாக்டர்" என்றார்.

ரஹீமா நோட்டை மறுபடி திறந்தார். ஒரு பக்கம் முழுவதும் எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் முன்பக்கத்தில் இடம் கிடைத்தது. பாதி வழியில் ரஹீமாதான் ஆரம்பித்தார்.

"அந்த நாற்பத்தொரு பரிசோதனையும் நான் எழுதினது, சார். அதுல ஒரு குழந்தைக்குக்கூட எடை குறையலை."

"ஏன் மேடம்?"

"குழந்தைன்னா வளரும்னு நெனச்சுட்டேன்."

சிவசைலம் சிரிக்கவில்லை. ரஹீமா சொன்ன விதம் சிரிக்கிற மாதிரி இல்லை. அவர் குரு என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள், தன் தவறை ஒரு பஸ் டிக்கெட்டைக் காட்டுவதுபோல எடுத்துக் காட்டிவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் தான் எந்த வகுப்பிலாவது அப்படிக் காட்டியிருக்கிறோமா என்று யோசித்தார். ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

புதிய கிளையில் இந்தப் பிறந்த எடை விஷயம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் வேறு கோப்பில் இருக்கிறது என்றார் ரஹீமா. வேறொரு டாக்டர் கேட்டு, வேறொருவர் எழுதியது. அங்கே எடை இந்த இடத்துக்கு வந்து சேரும்போதே, எந்த எடை என்று முடிவாகித்தான் வரும்.

சிவசைலம் அவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ புதுக் கிளையில எடைன்னு எழுதியிருக்கிற சொல்லும், பழைய கிளையில எடைன்னு எழுதியிருக்கிற சொல்லும் ஒண்ணு இல்லை."

"இல்லை."

"நான் பசங்ககிட்ட முதல் வகுப்பிலேயே கேட்பேன், மேடம். எடைன்னு எழுதியிருக்கியே, நீ எதைச் சொல்லுத, நிறையையா எடையையான்னு. அதைக் கேட்காம ஒருத்தனுக்கும் மார்க் போட்டதில்லை."

ரஹீமா தலையை ஆட்டினார்.

புதன்கிழமை காலை சிவசைலம் திங்கட்கிழமை செய்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். எடுத்து வைப்பதை முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே கோப்பில் அதே இடத்தில் அதே மோதல் வந்து நின்றது. இந்தத் தடவை மேலே இருந்த வரிகளைப் படித்தபோது அவருக்கு அந்த வார்டின் வெதுவெதுப்பு ஞாபகம் வந்தது. கீழே இருந்த வரிகளைப் படித்தபோது, எஸ்தர் சிஸ்டரின் கை பக்கத்தை மூடித் திறந்தது ஞாபகம் வந்தது. இரண்டு பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள்.

அவர் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்பது வரி எழுதினார். முதலில் எந்த எடை என்று முடிவு செய்வது. பிறகுதான் கணக்கு. எடை எப்போது மாறினாலும் இரண்டும் முதலிலிருந்து நடக்கும். குழந்தை பிறந்த எடையைத் தாண்டியபின் மறுபடி இறங்கினால், கணக்கு எதுவும் வராது. டாக்டரைக் கூப்பிடவும் என்று திரையில் வரும்.

மத்தியானம் பரிசோதனைகள் எழுதினார். எடை குறையும் குழந்தை ஒன்று. குறைந்து ஏறும் குழந்தை ஒன்று. ஏறி இறங்கும் குழந்தை ஒன்று. எடையே மாறாமல் நான்கு நாள் இருக்கும் குழந்தை ஒன்று. இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆறு மணிக்கு முடித்தார். குறிப்பு எழுத மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. யார் சொன்னார்கள், எதைச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள், இரண்டு பக்கத்திலும் எது விடப்பட்டது என்று எல்லாம் எழுதினார்.

ரஹீமா இந்தத் தடவை உட்கார்ந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். ஓர் இடத்தில் கிராம் என்று இருக்க வேண்டியது கிலோ என்று திரையில் வரும் என்று காட்டினார். அது இந்த மோதலோடு சம்பந்தம் இல்லாத சின்ன விஷயம். சிவசைலம் திருத்தினார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான்கு ஆஸ்பத்திரிகளுக்கும் அது போனது. இனிப் பக்கத்தை மூடித் திறக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வார்டுக்கும் போன் செய்து சொன்னவர் சிவசைலம்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எஸ்தர் சிஸ்டர் அழைத்தார். பேச்சியம்மாளின் குழந்தை அன்று ஆயிரத்து முந்நூற்று முப்பத்தைந்து. எண்ணைப் போட்டதும் திரை தானாகவே இன்றைய எடைக்கு மாறிவிட்டதாம். கையாலும் போட்டுப் பார்த்தாராம், சரியாக இருந்ததாம். இனிமேலும் கையால் போட்டுப் பார்ப்பேன், அதை விடமாட்டேன் என்றும் சொன்னார். விடாதீர்கள் என்றார் சிவசைலம். போனை வைத்தபிறகு அவர் மாடியின் வராந்தாவுக்குப் போய், கீழே ஒரு லாரிக்கு டயர் மாட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு, தான் ஒரு வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஏறி இறங்கும் குழந்தைக்காக நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுவது பழைய கிளையில்தான் இருந்தது. புதிய கிளைக்கும் அது போக வேண்டும். பத்தொன்பது ஆஸ்பத்திரிகள். இந்தத் தடவை எதிர்த்திசையில் எடுத்து வைக்க வேண்டும்.

திங்கட்கிழமை சிவசைலம் அதைச் செய்தார். மோதல் வரும் என்று எதிர்பார்த்து, அந்தப் பக்கத்து வரிகளை யார் எழுதினார்கள், எந்த டாக்டர் கேட்டார் என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார். தேவைப்பட்டால் போவதற்கு ஒரு நாளும் ஒதுக்கி வைத்திருந்தார். கட்டளையைக் கொடுத்தார். கருவி ஒரு நொடி யோசித்துவிட்டு முடிந்தது என்றது. பரிசோதனைகள் எல்லாம் பச்சையாக வந்தன. எடை குறையும் குழந்தைகளும் அதில் இருந்தன.

அவர் சந்தோஷமாக ரஹீமாவின் மேசைக்குப் போனார்.

"மோதலே வரலை, மேடம். சுத்தமாப் போய் உட்கார்ந்துடுச்சு."

ரஹீமா தட்டுவதை நிறுத்தினார்.

"ஒரு இடத்தில்கூட?"

"ஒரு இடத்தில்கூட."

ரஹீமா எழுந்தார். தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சிவசைலத்தின் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ இந்தத் தடவை நம்மை நிறுத்த ஆளில்லை, சார்" என்றார். "நாமதான் நின்னு பார்க்கணும். முதல் கோப்பைத் திறங்க."